காணாமல் போன டிவிடி டிரைவ்: ஒரே அறிகுறி, இரண்டு கோளாறுகள்

மேசைக் கணினி ஒன்று. விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பு. ‘திஸ் பிசி’யைத் திறந்தால் டிவிடி டிரைவின் ஐகான் இல்லை. ஆனால் டிரைவைப் பார்த்தால் கெட்டுப்போனது போலத் தெரியவில்லை. பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது. டிஸ்க்கை வைத்து உள்ளே தள்ளினால் சுழலும் சத்தம் கேட்கிறது, முன்பக்க விளக்கும் சற்று நேரம் மினுக்கிவிட்டு அணைகிறது. கணினியின் உரிமையாளர் வேறொரு கணினியிலிருந்து ஒரு டிரைவைக் கழற்றி வந்து மாட்டிப் பார்த்திருக்கிறார், வரவில்லை. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பார்த்திருக்கிறார், அதுவும் வரவில்லை.

“மூணு டிரைவும் ஒரே நேரத்துல கெட்டுப்போகுமா சார்? விண்டோஸ்லதான் ஏதோ கோளாறு. ஃபார்மேட் பண்ணிடுங்க” என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. ஆனால் அந்தப் பாதியை நம்பி ஃபார்மேட் செய்திருந்தால், யுஎஸ்பி டிரைவ் உயிர் பெற்றிருக்கும், உள்ளே இருக்கும் டிரைவ் அப்போதும் வந்திருக்காது. அப்புறம் அந்த நல்ல டிரைவ் ‘செத்துப்போச்சு’ என்று குப்பைக்குப் போயிருக்கும். அவரிடம் பல ஆண்டுகளின் குரல் பதிவுகளும் வீடியோக்களும் டிஸ்க்குகளில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இன்றைக்கும் டிஸ்க் டிரைவ் தேவைப்படுகிறது. அதனால்தான் இதை அவசரப்படாமல் பார்க்க விரும்பினேன்.

எந்தப் படியில் காணாமல் போகிறது?

‘டிரைவ் டிடெக்ட் ஆகவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் குறைந்தது நான்கு வேறுவேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. டிரைவுக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். மின்சாரம் போயும் மதர்போர்டுக்கு அது தெரியாமல் இருக்கலாம். அப்போது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் சொந்த மென்பொருள், காட்டும் பட்டியலில் பெயர் இருக்காது. பயாஸில் பெயர் இருந்தும் விண்டோஸால் அதை இயக்க முடியாமல் போகலாம். அப்போது விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்துடன் நிற்கும். எல்லாம் சரியாக இருந்து, டிரைவ் எழுத்து மட்டும் ஒதுக்கப்படாமல் போயிருக்கலாம். அப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியும், திஸ் பிசியில் தெரியாது. பயன்படுத்துபவருக்கு நான்கும் ஒன்றுதான்: ஐகான் இல்லை.

ஐகானை மட்டும் பார்த்துக்கொண்டு பழுது நீக்குவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கோளாறு இரண்டாக இருந்தால், ஒன்றைச் சரிசெய்தாலும் ஐகான் வராது. செய்தது சரியான காரியம்தான் என்பதே தெரியாமல் அதைத் திரும்பப் பழையபடி மாற்றிவிடுவோம். இங்கே நடந்ததும் அதுதான்.

தட்டு திறப்பதையும் டிஸ்க் சுழல்வதையும் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லோரையும் ஏமாற்றுவது அதுதான். டேட்டா கேபிளை முழுசாகக் கழற்றிவிட்டு மின்கேபிளை மட்டும் மாட்டிப் பாருங்கள். அப்போதும் தட்டு திறக்கும், டிஸ்க் சுழலும், விளக்கு மினுக்கும். அவற்றைக் கவனித்துக்கொள்வது டிரைவுக்குள் இருக்கும் சொந்த மென்பொருள். கணினி தன்னைப் பார்க்கிறதா இல்லையா என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. ஆக, தட்டு திறந்தால் மின்சாரம் வருகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வேறெதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

டிவைஸ் மேனேஜர் சொன்னது

முதலில் உள் டிரைவ் மாட்டியிருந்தபடியே கணினியை இயக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். ‘டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்’ என்ற தலைப்பே பட்டியலில் இல்லை. மஞ்சள் குறியும் எங்கேயும் இல்லை. அடுத்து யுஎஸ்பி டிரைவைச் செருகினேன். மதர்போர்டின் பின்பக்க போர்ட்டிலேயே நேராகச் செருகினேன், ஏனென்றால் யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர்தான், 3.0 என்றால் 900. ஹப் வழியாகவோ நீண்ட கேபிள் வழியாகவோ செருகினால் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மின்சாரம் போதாமல் டிரைவின் இணைப்பு அறுந்துவிடும். செருகியதும் தலைப்பு தோன்றியது, அதன் கீழே யுஎஸ்பி டிரைவின் பெயர், பெயர் மேல் மஞ்சள் முக்கோணம். திறந்து பார்த்தால் கோட் 39: இந்தச் சாதனத்துக்கான டிரைவர் மென்பொருளை விண்டோஸால் ஏற்ற முடியவில்லை, அது சிதைந்திருக்கலாம் அல்லது காணாமல் போயிருக்கலாம்.

இங்கேயே வழக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. யுஎஸ்பி டிரைவ் ‘இருக்கிறது, இயங்கவில்லை’. உள் டிரைவ் ‘இல்லவே இல்லை’. ஒரே காரணம் இந்த இரண்டு விளைவையும் தராது.

அப்புறம் ‘வியூ’ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொன்னேன். முன்பு எப்போதோ இணைந்திருந்து இப்போது இல்லாத சாதனங்கள் மங்கலான ஐகானுடன் வரும். உரிமையாளரின் டிரைவ் ஒரு முறையல்ல, இரண்டு முறை வந்து நின்றது. வேறொரு கணினியிலிருந்து கழற்றி வந்த உள் டிரைவின் பெயர் எங்கேயும் இல்லை.

ஒரே டிரைவுக்கு இரண்டு பதிவுகள் ஏன்? இரண்டின் ‘டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்’தையும் பார்த்தேன். ஒன்று 050000 என்று முடிந்தது, மற்றது 010000 என்று. சாட்டா (உள் டிரைவுகளை மதர்போர்டுடன் இணைக்கும் வழி) சாதனங்களுக்கு அந்த முன் எண்கள் போர்ட்டைக் குறிக்கும். விண்டோஸ் 0-இலிருந்து எண்ணுகிறது, இந்த மதர்போர்டில் அச்சிட்டிருப்பது 1-இலிருந்து. ஆக, டிரைவ் ஒரு காலத்தில் 6-ஆம் போர்ட்டில் இருந்தது, இன்னொரு சமயம் 2-ஆம் போர்ட்டில் இருந்தது, இரண்டு இடத்திலும் விண்டோஸ் அதைக் கண்டிருக்கிறது. இப்போது மறுபடியும் 6-இல் இருக்கிறது, ஆனால் தெரியவில்லை.

கேட்டேன். “ஆமாம், நடுவுல ஒரு நாள் காலியா இருந்த வேற போர்ட்டுல மாட்டிப் பார்த்தேன். அப்பவும் ஐகான் வரலை. அதனால பழைய இடத்துலேயே மாட்டிட்டேன்” என்றார்.

ஐகான் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு விண்டோஸ் அந்த டிரைவைப் பார்த்திருக்கிறது. அதற்கு அந்த 010000 பதிவே சாட்சி.

முதல் கோளாறு: 6-ஆம் போர்ட்

பயாஸில் 1-ஆம் சாட்டா போர்ட்டில் ஹார்டு டிஸ்க்கின் பெயர் இருந்தது. மற்றவை எல்லாம் காலி என்று காட்டின. 6-ஆம் போர்ட்டை அணைத்துவைக்கும் அமைப்பு ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடினேன். எல்லாம் இயக்கத்தில்தான் இருந்தது, சாட்டா கன்ட்ரோலரும் வழக்கமான ஏஎச்சிஐ முறையில்தான் இருந்தது.

மிச்சம் மூன்று சந்தேகங்கள்: கேபிள், டிரைவ், போர்ட். இவற்றைப் பிரிக்க நல்ல வழி, வேலை செய்வது உறுதியான ஒன்றைச் சந்தேகத்துக்குரிய இடத்தில் வைப்பது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சந்தேகமான கேபிளைக் கழற்றிவிட்டு இன்னொரு சந்தேகமான கேபிளை மாட்டுவார்கள். முதலில் ஹார்டு டிஸ்க்குக்கு டிவிடி டிரைவின் கேபிளை மாட்டி 1-ஆம் போர்ட்டில் செருகினேன். (விண்டோஸ் இருப்பது வேறு எஸ்எஸ்டியில், ஹார்டு டிஸ்க்கில் கோப்புகள் மட்டும்தான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் செய்வதால் பயமில்லை.) ஹார்டு டிஸ்க் வந்தது, கேபிள் நல்லது. அதே ஹார்டு டிஸ்க்கை அதே கேபிளுடன் 6-ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன். ஹார்டு டிஸ்க் காணாமல் போனது. 5-ஆம் போர்ட்டிலும் அப்படியே. 2, 3, 4 மூன்றிலும் வந்தது.

சரி, 5-உம் 6-உம் சேர்ந்து செத்திருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து இரண்டு போர்ட்டுகள் ஒன்றாகப் போனால் அது உடைப்பாக இருப்பது அபூர்வம். “கடைசியா உள்ள ஏதாவது புதுசா மாட்டினீங்களா?” என்றதும் பதில் உடனே வந்தது. இடம் போதவில்லை என்று, மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் மாட்டியிருந்தார். அந்த எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு இயக்கினேன். பயாஸில் 6-ஆம் போர்ட்டில் டிவிடி டிரைவின் பெயர் மாடல் எண்ணோடு வந்து நின்றது.

இது கோளாறே அல்ல, மதர்போர்டின் வடிவமைப்பு. சிப்செட்டிலிருந்து வெளியே வரும் அதிவேகப் பாதைகளின் எண்ணிக்கை குறைவு. சில பாதைகள் சாட்டாவாகவும் இயங்கும், பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேறொரு அதிவேக இணைப்பாகவும் இயங்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான். ரயில் தண்டவாளத்தில் பாதை மாற்றும் இடம் போல: வண்டி ஒரு பக்கம் திரும்பினால் மற்றப் பக்கம் போக முடியாது. எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைச் செருகியதும் போர்டு அந்தப் பாதைகளை அங்கே திருப்பிவிடுகிறது, அவற்றை நம்பியிருந்த சாட்டா போர்ட்டுகள் அணைகின்றன. எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. மதர்போர்டு கையேட்டில் மட்டும் ஒரு சின்ன அட்டவணை இருக்கும்: இந்த ஸ்லாட்டில் இந்த வகை எஸ்எஸ்டி இருந்தால் இந்த போர்ட்டுகள் இயங்காது என்று. பிசிஐ எக்ஸ்பிரஸில் இயங்கும் என்விஎம்இ வகைக்கு ஒரு விதி, சாட்டா வகை எம்.2-வுக்கு வேறு விதி என்றும் சில போர்டுகளில் இருக்கும். இந்த போர்டின் கையேட்டிலும் இருந்தது: இரண்டாவது எம்.2 ஸ்லாட் பயன்பாட்டில் இருந்தால் 5, 6 கிடையாது.

இந்தச் சிக்கலில் பெரும்பாலும் டிவிடி டிரைவே மாட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கணினியை அசெம்பிள் செய்பவர்கள் ஹார்டு டிஸ்க்கை 1-ஆம் போர்ட்டிலிருந்து மாட்டத் தொடங்குவார்கள், டிவிடி டிரைவுக்குக் கடைசி போர்ட்டை விடுவார்கள். முதலில் அணைவதும் கடைசி போர்ட்டுகளாகவே இருப்பது வழக்கம். எம்.2 எஸ்எஸ்டி மாட்டிய பிறகு டிஸ்க் டிரைவ் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது கேபிள் எந்த எண்ணில் இருக்கிறது என்பதைத்தான்.

புது எஸ்எஸ்டியைத் திரும்ப மாட்டி, டிவிடி டிரைவை 3-ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன். பயாஸில் பெயர் வந்தது. விண்டோஸில் ஐகான் வரவில்லை.

ஐகானை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில் மனம் உடைந்து கேபிளைப் பழைய போர்ட்டில் செருகியிருப்பார். ஆனால் இப்போது டிவைஸ் மேனேஜரில் ‘இல்லை’ என்பது ‘இருக்கிறது, இயங்கவில்லை’ என்று மாறியிருந்தது. உள் டிரைவும் யுஎஸ்பி டிரைவும் அருகருகே, இரண்டுக்கும் கோட் 39. டிரைவ் ஒரு படி மேலே ஏறிவிட்டது.

இரண்டாவது கோளாறு: பெயர் மட்டும் மிஞ்சிய ஃபில்டர்

வேறுவேறு இணைப்பு வழியாக வரும் இரண்டு டிரைவுகள் ஒரே பிழையைக் காட்டினால், பழுது அந்த டிரைவுகளில் இல்லை, அவற்றுக்குப் பொதுவான இடத்தில் இருக்கிறது. விண்டோஸில் எல்லா டிஸ்க் டிரைவுகளையும் இயக்குவது சிடிராம்.சிஸ் என்ற கோப்பு. அதற்கு மேலும் கீழும் வேறு மென்பொருள்கள் தங்கள் சிறு டிரைவர்களை, அதாவது ஃபில்டர்களை, செருகிக்கொள்ளலாம். டிஸ்க்கில் எழுதும் மென்பொருள்கள், மாய டிஸ்க் டிரைவ் உருவாக்கும் மென்பொருள்கள் எல்லாம் இதைச் செய்பவை. அவற்றின் பெயர்கள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு மதிப்புகளில் எழுதப்படும். டிரைவைத் தொடங்கும்போது விண்டோஸ் அந்தப் பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாக ஏற்றும். பட்டியலில் ஒரு பெயர் இருந்து அதற்குரிய கோப்பு இல்லாவிட்டால், அதை விட்டுவிட்டு மேலே போகாது. முழு டிரைவையும் நிறுத்திவிடும். இந்தப் பட்டியல் ஒரு தனி டிரைவுக்கானது அல்ல, டிஸ்க் டிரைவ் என்ற வகுப்புக்கே உரியது. அதனால்தான் புதிதாக எந்த டிரைவைக் கொண்டுவந்து செருகினாலும் அதே கதி.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கினால் நீளமான எண்களைப் பெயராகக் கொண்ட கீகள் வரிசையாக இருக்கும். நமக்கு வேண்டியது 4டி36இ965 என்று தொடங்குவது. இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வரி கீழே 4டி36இ967 என்று ஒன்று இருக்கிறது. அது ஹார்டு டிஸ்க்குகளின் வகுப்பு. அதிலும் அப்பர்ஃபில்டர்ஸ் உண்டு, அதில் பார்ட்மேனேஜர் டிரைவரின் பெயர் இருக்கும். அதை அழித்தால் விண்டோஸ் பூட் ஆகாமலே போகலாம். ஓர் இலக்கம்தான் வித்தியாசம். கீயைத் திறந்ததும் வலப்பக்கம் ‘கிளாஸ்’ என்ற மதிப்பில் சிடிராம் என்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் கை வைக்க வேண்டும், அதற்கும் முன்னால் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து ஒரு கோப்பாகச் சேமித்துவிட வேண்டும்.

லோயர்ஃபில்டர்ஸ் இல்லை. அப்பர்ஃபில்டர்ஸில் ஒரே ஒரு பெயர். அந்தப் பெயரில் சிஸ்டம்32-வின் டிரைவர்ஸ் ஃபோல்டரில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இரண்டு மதிப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடு என்பதே பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனை. அதை நான் ஏற்பதில்லை. பட்டியலில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும்போது ஒன்று மட்டும் செத்ததாகவும் மற்றவை பயன்பாட்டில் இருப்பதாகவும் இருக்கலாம். செத்த பெயரை மட்டும் எடுத்தால் போதும். இங்கே ஒன்றுதான் இருந்தது என்பதால் மதிப்பையே நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினேன். இரண்டு மஞ்சள் முக்கோணங்களும் போய், இரண்டு ஐகான்களும் வந்தன.

ரெஜிஸ்ட்ரியில் இன்னொன்றையும் பார்த்தேன். ஏடாபி என்ற டிரைவர் சர்வீஸின் கீழ் ‘கன்ட்ரோலர்0’ என்ற கீயும் அதில் ‘எனும்டிவைஸ்1’ என்ற மதிப்பும் இருந்தன. உரிமையாளர் எங்கேயோ படித்துச் சேர்த்திருக்கிறார். விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கும் விண்டோஸ் 10-இன் 1507, 1511 பதிப்புகளுக்கும் மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு அது. 22எச்2-வில் அதற்கு வேலையில்லை. நீக்கிவிட்டேன்.

எது முந்தி, எது பிந்தி

டிரைவ் வந்துவிட்டது என்று மூடிவிடலாம்தான். ஆனால் தொடர்பே இல்லாத இரண்டு கோளாறுகள் ஒரே சமயத்தில் வந்தது எனக்கு ஒட்டவில்லை. ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்தேன். எந்த நாளில் எந்த மென்பொருள் நிறுவப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று விண்டோஸ் அதில் குறித்துவைத்திருக்கும். டிஸ்க்கில் எழுதும் பழைய மென்பொருள் ஒன்று நீக்கப்பட்டிருந்தது. டிவைஸ் மேனேஜரில் புது எஸ்எஸ்டியின் ‘முதலில் நிறுவிய தேதி’ அதற்கு முந்தையது. 2-ஆம் போர்ட்டில் டிரைவ் தெரிந்த அந்த மங்கலான பதிவின் தேதியும், யுஎஸ்பி டிரைவின் முதல் தேதியும் அதற்குப் பிந்தையவை.

வரிசை இப்போது தெளிவு. எஸ்எஸ்டி மாட்டினார், 6-ஆம் போர்ட் அணைந்தது, ஐகான் போனது. டிஸ்க் எழுதும் மென்பொருளோடு மோதல் இருக்கலாம் என்று யாரோ சொல்ல, அதை நீக்கினார். அது போகும்போது தன் டிரைவர் கோப்பை எடுத்துக்கொண்டு போனது, ரெஜிஸ்ட்ரியில் பெயரை விட்டுவிட்டுப் போனது. முதல் கோளாறுக்குச் செய்த வைத்தியம் இரண்டாவது கோளாறைப் பெற்றுவிட்டது. அதற்குப் பிறகு 2-ஆம் போர்ட்டில் மாட்டிப் பார்த்தார். அது முற்றிலும் சரியான காரியம், மென்பொருளை நீக்குவதற்கு முன்னால் செய்திருந்தால் அந்த நிமிடமே ஐகான் வந்திருக்கும். அவர்மீது எந்தத் தப்பும் இல்லை. பெயரை விட்டுவிட்டுப் போன அந்த நீக்கும் நிரலையும், போர்ட்டை அணைத்துவிட்டு வாய் திறக்காத பயாஸையும்தான் குறை சொல்வேன். ‘எம்.2 பயன்பாட்டில் உள்ளதால் 5, 6 அணைக்கப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி காட்டுவது பெரிய வேலை அல்ல.

பிறகு

5, 6 போர்ட்டுகளின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டிக் காரணத்தை எழுதிவைத்தேன். அடுத்து திறப்பவர் யாராக இருந்தாலும் உதவும். இன்னும் போர்ட் தேவைப்பட்டு சாட்டா கார்டு வாங்குவதாக இருந்தால், அதில் ஹார்டு டிஸ்க்கை மாட்டச் சொல்லியிருக்கிறேன், டிவிடி டிரைவை அல்ல. டிஸ்க் டிரைவுகள் பேசுவது ஏடிஏபிஐ என்ற தனி வகைக் கட்டளைகளில், எல்லா விலைகுறைந்த கார்டுகளும் அவற்றைச் சரியாகக் கையாளுவதில்லை.

அன்றே டிஸ்க்குகளை நகலெடுக்கத் தொடங்கினார். டிவிடிகள் ஒழுங்காகப் படித்தன. சிடி ஒன்றைப் போட்டதும் ‘டிஸ்க்கைச் செருகவும்’ என்று கேட்டது, அடுத்த சிடிக்கும் அதே. மறுபடி பழைய கோளாறு வந்துவிட்டது என்று பதறினார். ஆனால் ஐகான் அசையாமல் இருந்தது, டிவைஸ் மேனேஜரும் சுத்தம். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். இரண்டும் தனித்தனி லேசர்கள், ஒன்று தேய்ந்தாலும் மற்றது ஓடும். வயதான டிரைவில் இது நடப்பதுதான். அதே சிடிகளை யுஎஸ்பி டிரைவ் தயங்காமல் படித்தது. இரவல் கொடுத்தவரிடம் கேட்டு அதை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டிருக்கிறார். டிவிடிகள் உள் டிரைவில், சிடிகள் வெளி டிரைவில் என்று நகலெடுப்பு நடக்கிறது.